சிசுவின் ஆறு நிலைகள்

சிலமலை, இராசிங்கபுரம் முதலிய மலையடிவாரத்துக் கிராமங்களிலும் போடிநாயக்கனூரிலும், பொழுது புலர்வதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, உலை வைத்து, சோற்றைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். ஏலக்காய் செடியின் உச்சியிலே காய்ப்பதன்று. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படியும் சரங்களிலே காய்ப்பது. ஆகையால் காய் எடுப்பு என்பது நாள் முழுவதும் குனிந்தும் குத்தவைத்தும் செய்யவேண்டிய வேலையாக இருக்கிறது. பேறுகாலத்தை முன்னிட்டு அந்த ஜீப்பில் ஏறாமல் தாய்வீட்டில் தங்குகிற சில மாதங்களே இப்பெண்களில் பலருக்குத் தம் குழந்தையோடு பகல் முழுவதும் கூடியிருக்க வாய்க்கும் காலம். அந்தச் சொற்பக் காலத்தில், குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த மருந்தை உரைத்துக் கொடுப்பது, யார் கண்ணில் படாமல் மறைப்பது என்று உபதேசம் செய்யப் பத்துப் பேர் வருகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தை இந்த நிமிஷத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்பதைத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே பார்த்துச் சொல்ல ஒருவர் வருவது அபூர்வம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அது பச்சை மண், பாலும் தூக்கமும் தவிர அதற்கு வேறு வியாபாரம் இல்லை என்பது நம்மவர்களின் பொதுவான அபிப்பிராயம். நம் பாட்டிமார் மட்டும் இப்படி நினைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை; மேனாட்டு மருத்துவர்களிலும் அநேகர், இருபதாம் நூற்றாண்டில் பாதிக்கு மேல் கழிந்த பின்பும், பச்சிளஞ் சிசுவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதன் அசைவுகளெல்லாம் வெறும் அனிச்சைச் செயல்கள் என்றே கருதிவந்தார்கள்; அதற்கு வலிகூடத் தெரியாது என்ற நம்பிக்கையினால், போதிய மயக்க மருந்து இல்லாமலே சிசுக்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் வழக்கம் 1980-களிலும் பல மருத்துவமனைகளில் இருந்தது. இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கச் சென்ற ஆனந்த் என்னும் மருத்துவர், வலி தணிக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபொழுது குறைமாதச் சிசுக்களின் உடல் எவ்வளவு குறைந்த அவதியோடு அறுவையைத் தாங்கிக்கொள்கிறது என்பதை 1987-ம் ஆண்டில் தம் சகாக்களோடு சேர்ந்து நிரூபித்த பிறகே அந்தக் கொடுமை ஒழியத் தலைப்பட்டது.

நமது இலக்கியமும் இந்த விஷயத்தில் சற்றுத் தாமதமாகவே விழிக்கிறது. குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்து ஒவ்வொரு பருவத்துக்கும் பத்துப் பாட்டுப் பாடிய பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள், காப்புப் பருவத்தை மூன்றாம் மாதத்தில் வைத்து, தலைநிமிர்த்தி ஆடுகிற செங்கீரையை ஐந்தாம் மாதத்தில் வைத்து, அப்படியே இருபத்தொன்றாம் மாதம் வரையில் போகிறார்கள் என்பது பெரும்பான்மையான பாட்டியல் வழக்கு. முதல் இரண்டு மாதங்கள் கணக்கில் வரவில்லை. சிரிக்கவும் கை கொட்டவும் தொடங்காத குழந்தையிடத்தில் பாடுவதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். பாடுவதற்கு இல்லாமற் போனாலும் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதைத்தான் சென்ற அறுபது எழுபது ஆண்டுகளின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

பீட்டர் வுல்ஃப், ஹைன்ஸ் பிரெக்டல் என்னும் இருவர், தொட்டிலருகில் பொறுமையாக மணிக்கணக்கில் உட்கார்ந்து, சிசுவின் மூச்சையும் கண்ணையும் கைகால் அசைவையும் குறித்துக்கொண்டு, அது ஒரு நாளைக் கண்டபடி கழிப்பதில்லை, தெளிவாகப் பிரித்தறியத்தக்க சில நிலைகளுக்குள் மாறிமாறிச் சஞ்சரிக்கிறது என்று முதலில் கண்டறிந்தவர்களுள் முக்கியமானவர்கள். அந்த ஞானத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த பெருமை பெரி பிரேசல்டன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவருக்கு உரியது. அவர் 1973-ம் ஆண்டில் வெளியிட்ட பச்சிளங்குழந்தை நடத்தை அளவைமுறை, குழந்தையை ஆரோக்கியமா நோயா என்று மட்டும் பார்க்காமல், அது ஒளிக்கும் ஒலிக்கும் முகத்துக்கும் எவ்விதம் பதில் சொல்லுகிறது, அழுதால் எப்படித் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறது என்று பார்ப்பது. அதைவிட முக்கியமான விஷயம், இந்தப் பரிசோதனையைப் பெற்றோரின் எதிரிலே செய்யவேண்டும் என்று அவர் வற்புறுத்தியது. டாக்டரின் குரலுக்குத் திரும்பாத குழந்தை தாயின் குரலுக்குத் திரும்புவதை அந்தத் தாயே பார்க்கும்பொழுது, ஆயிரம் புத்திமதியால் விளையாத ஒன்று அவள் உள்ளத்தில் விளைகிறது என்பது அவர் கண்ட அநுபவம். பிற்காலத்தில் கெவின் நூஜென்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் இம்முறையைச் சுருக்கி, மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, பெற்றோருக்குக் குழந்தையை அறிமுகம் செய்துவைப்பதையே நோக்கமாகக் கொண்ட பதினெட்டு எளிய அவதானிப்புகளாக அமைத்தார்கள்.

பிரேசல்டன் கணக்கிட்ட நிலைகள் ஆறு. ஆழ்ந்த துயில், சலனத்துயில், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, பரபரப்பான விழிப்பு, அழுகை என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். ஆழ்ந்த துயிலில் மூச்சு சீராக ஓடும். முகத்தில் சலனம் இராது. எப்பொழுதாவது ஒருமுறை உடல் தூக்கிப்போடும். அப்பொழுது குழந்தையை எழுப்பிப் பால் கொடுக்க முயல்வது வீண் பிரயாசை. சலனத்துயிலோ இதற்கு நேர்மாறு. மூடிய இமைக்குள் விழி ஓடும், மூச்சு கூடியும் குறைந்தும் வரும், உதடு சப்புக்கொட்டும், முனகும், முகம் ஒரு கணம் சுளித்து மறுகணம் சிரிக்கும். நம் ஊர்ப் பெண்கள் இதை எவ்வளவோ காலமாகக் கண்டுவந்திருக்கிறார்கள்; “நரி விரட்டுது” என்று சொல்லிச் சிரிப்பதும் இதைப் பார்த்துத்தான். நரி பாவம், அது இல்லாமலே இந்தச் சிரிப்பு மூளையின் அடித்தண்டிலிருந்து எழுகிறது என்றும், ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஏறக்குறைய ஆறாவது வாரத்திலேதான் வரும் என்றும் விஞ்ஞானம் சொல்லுகிறது.

இந்தச் சலனத்துயிலைத் தாய் அறிந்திருக்கவேண்டியது அவசியம் என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. பிறந்த குழந்தை நாளொன்றுக்குச் சுமார் பதினாறு மணிநேரம் தூங்குகிறது. அதில் ஏறத்தாழப் பாதி சலனத்துயில். துயிலின் ஒரு சுற்று ஒரு மணிநேரத்துக்குள் முடிந்து மறுசுற்று தொடங்கிவிடுகிறது. ஆகவே இரவில் பல தடவை குழந்தை முனகும், நெளியும், ஒரு சத்தம்கூடப் போடும். விழித்துக்கொண்டுவிட்டது, பசி, என்று நினைத்து அதை அவசரமாக வாரியெடுக்கிற தாய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பிவிடுகிறாள். பிறகு இருவரும் அழுகிறார்கள். ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தால், அநேக சமயங்களில் அது மறுபடியும் அமைதியில் ஆழ்ந்துவிடுவதைக் காணலாம். இரவென்றும் பகலென்றும் பிரித்தறியும் உடற்கடிகாரம் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குச் சிசுவுக்கு அமையவில்லை என்பதும் நினைவில் இருக்கவேண்டும். இரவில் விழித்திருக்கும் குழந்தை பிடிவாதக்காரக் குழந்தையன்று.

ஆறு நிலைகளிலும் மிக அருமையானது அமைதியான விழிப்பு. கண் அகன்று ஒளியோடு இருக்கும், கைகால் ஓய்ந்திருக்கும், மூச்சு நிதானப்பட்டிருக்கும், உடல் தன் வேலையையெல்லாம் நிறுத்திவிட்டுக் கண்ணுக்கும் காதுக்கும் இடம்விட்டு ஒதுங்கினது போலத் தோன்றும். முதல் நாள்களில் இந்நிலை ஒரு தடவைக்குச் சில நிமிஷங்களே நீடிக்கிறது. ஒரு நாள் முழுவதும் சேர்த்தாலும் அது மொத்தத்தில் சிறு பங்குதான். பிறந்த முதல் ஒன்றிரண்டு மணிநேரத்தில் மட்டும், தாய்க்குக் கொடுத்த மருந்துகளின் மயக்கம் இல்லாத பட்சத்தில், வழக்கத்தைவிட நீண்டு நிற்கிறது. சிசு உலகத்தைக் கற்றுக்கொள்வது இந்தச் சின்னச் சின்ன இடைவேளைகளில். தாயும் தந்தையும் சிசுவைக் கற்றுக்கொள்ளச் சிறந்த வேளையும் இதுவே.

அந்த வேளையில் அதற்கு என்ன தெரிகிறது? முகத்திலிருந்து சுமார் இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளது ஒருவாறு தெரிகிறது. அதற்கு அப்பால் மங்கல். மார்பில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய இதுவே. ராபர்ட் ஃபான்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பிறந்து சில நாள்களே ஆன சிசுக்கள் வெறும் நிறத்தட்டுகளைக் காட்டிலும் முகம் வரைந்த தட்டை அதிக நேரம் நோக்குகின்றன என்று 1963-ல் எழுதினார். காதின் விஷயம் இன்னும் வியப்பானது. கர்ப்பத்தில் இருக்கும்பொழுதே செவி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறபடியால், தாயின் குரல் சிசுவுக்குப் பிறக்கும்போதே பழைய குரல். இதைச் சோதிக்க டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இருவர் 1980-ல் ஒரு தந்திரம் செய்தார்கள். மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு சூப்பானைக் கொடுத்து, ஒருவிதமாகச் சப்பினால் தாயின் குரலும், வேறுவிதமாகச் சப்பினால் அந்நியப் பெண்ணின் குரலும் கேட்கும்படி ஏற்பாடு செய்தபோது, அந்தக் குழந்தைகள் தாயின் குரல் வரும்படியாகத் தம் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டன. அழுகையின் இசையிலும் வீட்டு மொழியின் சாயல் படிந்திருக்கிறது என்பது காத்லீன் வெர்ம்கே முதலியோர் 2009-ல் கண்டது: பிரெஞ்சுத் தாய்மாரின் சிசுக்கள் தாழ்ந்து தொடங்கி உயரும் மெட்டிலும், ஜெர்மன் தாய்மாரின் சிசுக்கள் உயர்ந்து தொடங்கித் தாழும் மெட்டிலும் அழுவதாக அவர்கள் பதிவுசெய்தார்கள். மூக்கும் சும்மா இருப்பதில்லை. ஆறு நாள் ஆன சிசு, இரு பக்கமும் தொங்கவிட்ட இரு பால் நனைந்த துணிகளில் தன் தாயின் துணி உள்ள பக்கத்துக்கே அதிகமாக முகத்தைத் திருப்புகிறது என்று மக்ஃபர்லேன் 1975-ல் காட்டினார்.

ஆயினும் இத்தகைய செய்திகளில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். நாக்கை நீட்டினால் சிசுவும் நாக்கை நீட்டிப் போலச்செய்கிறது என்று 1977-ல் மெல்ட்ஸாஃப், மூர் என்பவர்கள் சொன்னது உலகமெங்கும் பரவியது. ஆனால் 2016-ல் ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கு மேற்பட்ட சிசுக்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள் அத்தகைய போலச்செய்தலைக் காணவில்லை. விவகாரம் இன்னும் தீரவில்லை. நாக்கை நீட்டிப் பார்த்து, குழந்தை பதிலுக்கு நீட்டவில்லையே என்று எந்தத் தகப்பனும் மனம் தளரவேண்டியதில்லை.

சிசுவுக்கு வேண்டாம் என்று சொல்லவும் தெரியும் என்பது, பெற்றோர் அறியவேண்டியவற்றுள் என் அபிப்பிராயத்தில் முதன்மையானது. முகத்தை வேறு பக்கம் திருப்புவது, கொட்டாவி, தும்மல், விக்கல், விரல்களை விரித்துக் கையை முன்னே நீட்டுவது, தோல் நிறம் சிவந்தோ வெளுத்தோ திட்டுத்திட்டாகவோ மாறுவது ஆகிய இவையெல்லாம், வேறு காரணம் இல்லாதபோது, இப்போதைக்குப் போதும் என்ற அறிவிப்புகளாக இருக்கலாம் என்பதை ஹைடலிஸ் ஆல்ஸ் என்பவர் குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து விளக்கினார். முகம் திருப்பிய குழந்தையின் எதிரில் மறுபக்கம் போய் நின்று மறுபடியும் கொஞ்சுவது அன்பினால் செய்கிற பிழை. சிறிது மௌனமாக இருந்தால் அதுவே திரும்பிப் பார்க்கும். உறங்கும்போது ஒரே ஒலி திரும்பத்திரும்பக் கேட்டால் முதலில் திடுக்கிட்டு, பின்பு மெதுவாக அசைந்து, கடைசியில் அசையாமலே உறங்கிவிடும் திறமையும் சிசுவுக்கு உண்டு. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அந்தத் திறமை ஒரே அளவாக இல்லை. ஒரு குழந்தை ரேடியோச் சத்தத்தில் உறங்கும், மற்றொன்று பாத்திரம் வைக்கிற ஒலிக்கே எழுந்துவிடும். அது அதனதன் சுபாவம்.

நம் ஊரில் கண்ணேறு என்று சொல்லுவதை நான் இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். பிள்ளை பார்க்க உறவினர் கூட்டமாக வருகிறார்கள். கைமாற்றிக் கைமாற்றித் தூக்குகிறார்கள். கன்னத்தைத் தட்டி எழுப்புகிறார்கள். சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுகிறது. கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, உள்ளறைக்குக் கொண்டுபோய், விளக்கைத் தணித்து, மடியில் கிடத்திக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் அழுகை ஓய்கிறது. மிளகாயின் மகிமையை நான் அறியேன். உள்ளறையின் மகிமையில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு. பிரசவித்த வீட்டுக்குள் முப்பது நாள் அந்நியர் நுழையாமல் இருந்த வழக்கம் தீட்டு என்ற பெயரால் வந்ததானாலும், சிசுவுக்குக் கூட்டத்திலிருந்தும் தொற்றுநோயிலிருந்தும் பாதுகாப்பாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. சேனை தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும், சீம்பாலைப் பீச்சிக் கொட்டுவதும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை விட்டுவிட வேண்டும். பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இனி அழுகை. இளம் தாயை மிகவும் கலங்கச் செய்வது இதுவே. தன் பால் போதவில்லை, தனக்குக் குழந்தை வளர்க்கத் தெரியவில்லை என்று அவளைத் தன்மீதே குற்றஞ்சாட்டிக்கொள்ள வைப்பதும் இதுவே. பிரேசல்டன் 1962-ல் எண்பது குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு நாள்தோறும் குறிக்கச் செய்தார். இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிநேரமாக இருந்த அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணிநேரமாக உயர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைந்தது. நோயில்லாத, வயிறு நிறைந்த குழந்தைகளின் கணக்கு இது. அழுகை பெரும்பாலும் மாலையிலேயே கூடுகிறது. காரணம் அகப்படாமலே தொடங்கி, காரணம் அகப்படாமலே நிற்கிறது. எத்தனை குழந்தைகளுக்கு இந்த ஆறாம் வாரத்தில் வசம்பும் கைமருந்தும் புகட்டப்பட்டு, பிறகு தானாகவே தணிந்த அழுகையின் புகழ் அந்த மருந்துக்குப் போய்ச் சேர்ந்ததோ! ஆயினும், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், உடல் சுடுதல் அல்லது சில்லிட்டுப்போதல், மூச்சு வேகமாகவோ நெஞ்சு உள்வாங்கியோ வருதல், வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரலில் ஓயாமல் அழுதல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அது பரிசோதித்துத் தீரவேண்டிய விஷயம்; தாமதம் செய்யாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அழும் குழந்தையை உடனே தூக்கினால் கெட்டுப்போகும், கைப்பழக்கம் வந்துவிடும் என்று சொல்லுகிறவர்களுக்கு இரண்டு ஆராய்ச்சிகள் பதில் சொல்லுகின்றன. உகாண்டாவிலும் பிற்பாடு பால்டிமோரிலும் தாய்சேய் உறவை வீடு வீடாகப் போய்க் கவனித்த மேரி ஐன்ஸ்வொர்த், தம் சகாவான ஸில்வியா பெல் என்பவரோடு 1972-ல் எழுதியது யாதெனில், முதல் மாதங்களில் அழுகைக்கு விரைவாக விடை கிடைத்த குழந்தைகள் ஒரு வயதை அடையும்போது குறைவாக அழுதன என்பது. அவர்கள் கவனித்த குழந்தைகள் இருபத்தாறே. இந்த முடிவை ஆட்சேபித்தவர்களும் உண்டு. ஆனால் உடனே தூக்கியதால் குழந்தை கெட்டுப்போனது என்று நிரூபித்தவர் யாரும் இல்லை. மான்ட்ரியாலில் ஹன்ஸிகர், பார் என்னும் இருவர் 1986-ல், அழுதாலும் அழாவிட்டாலும் நாளொன்றுக்குக் கூடுதலாகச் சில மணிநேரம் குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும்படி சில தாய்மாரைக் கேட்டுக்கொண்டார்கள். ஆறாம் வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவற்றைக் காட்டிலும் 43 சதவீதம் குறைவாக அழுதன. ஏற்கெனவே மிதமிஞ்சி அழுகிற குழந்தையிடத்தில் இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்பதையும் பார் பின்பு நேர்மையாகவே ஒப்புக்கொண்டார். ஜப்பானில் குரோடா என்பவரும் அவருடைய குழுவும் 2022-ல் கண்ட முறை, இராத்திரியில் கண்விழிக்கும் எல்லாப் பெற்றோருக்கும் பயன்படும்: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நடக்கவேண்டும், தூங்கியதும் உடனே கிடத்திவிடாமல், ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரையில் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்து பிறகு கிடத்தவேண்டும், ஏனெனில் உடம்பை விட்டுப் பிரியும் கணத்திலேயே சிசுவின் இதயத்துடிப்பு மாறிவிடுகிறது. சேலைத் தொட்டில் கட்டி ஆட்டியவர்களுக்கு அசைவின் குணம் புதிய செய்தியன்று. துணி மூக்கை மூடாமலும் கழுத்து மடங்காமலும் பார்த்துக்கொள்வது ஒன்றே அவர்களிடம் சொல்லவேண்டியது.

இவ்வளவும் தெரிந்துகொள்வதற்கும் பாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிளாஸ், கென்னல் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1970-களில், பிரசவமான முதல் சில மணிநேரத்தில் தாயும் சேயும் உடம்போடு உடம்பு சேர்ந்திருப்பதில்தான் பிணைப்பு உண்டாகிறது என்று வற்புறுத்தினார்கள். அதனால் ஒரு பெரும் நன்மை விளைந்தது: குழந்தையைப் பிறந்தவுடன் வேறு அறைக்குக் கொண்டுபோகும் மருத்துவமனை வழக்கம் மேனாடுகளில் தளர்ந்தது. ஒரு தீமையும் விளைந்தது: அறுவைப் பிரசவத்தால் மயக்கத்தில் கிடந்தவளும், குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொடுத்தவளும், அந்த நேரம் போய்விட்டது, இனி என்ன செய்தாலும் ஒட்டாது என்று ஏங்கலானார்கள். பிற்கால ஆராய்ச்சி அந்த மணிநேரக் கணக்கை ஆதரிக்கவில்லை. அவ்விரு மருத்துவர்களும் தங்கள் கூற்றைப் பின்பு தளர்த்திக்கொண்டார்கள். முதல் மணியில் சேர்த்து வைப்பது பாலூட்டலுக்கும் உடல் வெப்பத்துக்கும் மிகவும் நல்லது; அது தவறினால் பாசம் தவறிவிடுவதில்லை. குழந்தையைக் கண்டதும் அன்பு பொங்கவில்லையே, யாரோ ஒரு அந்நியரைப் போலத் தோன்றுகிறதே என்று உள்ளுக்குள் வெட்கப்படும் தாய்மார் அநேகர். அவர்கள் வெட்கப்பட ஏதுமில்லை. தூக்கம் எது, விழிப்பு எது, பசியழுகை எது, போதும் என்ற முகத்திருப்பல் எது என்று நாளடைவில் பார்த்துப் பழகப் பழக, எல்லாக் குழந்தைகளிலும் ஒன்றாக இருந்தது தன்னுடைய குழந்தையாக மாறுகிறது. பாசத்துக்கு முந்தியது பரிச்சயம் என்றே நான் கருதுகிறேன்.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் விஷயத்தில் இந்தப் பரிச்சயம் உயிர்காக்கும் மருந்தாகவே இருக்கிறது. கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில், வெப்பப் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல சிசுக்களைக் கிடத்தவேண்டியிருந்த காலத்தில், எட்கர் ரே என்னும் மருத்துவர் 1978-ல் அவற்றைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் பெற்ற அம்முறையை, நிலைமை சீரான பிறகு தொடங்காமல் பிறந்தவுடனேயே தொடங்கினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் சோதித்தது. இந்தியாவில் டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கு கொண்டது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகளிடத்தில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2021-ல் வெளியாயிற்று: வழக்கமான முறையில் 28 நாளுக்குள் இறந்தவை 15.7 சதவீதம், உடனே மார்பில் சேர்க்கப்பட்டவற்றில் 12 சதவீதம். தாய்க்கு முடியாத வேளையில் பாட்டியோ தகப்பனோ அப்படி வைத்துக்கொள்ளலாம்.

தகப்பன் என்றதும் ஒரு வார்த்தை. மாமனார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசல் திண்ணையில் காப்பி குடித்து, குழந்தையை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகும் மாப்பிள்ளை மரியாதைக்காரர்தாம். ஆனால் அவர் அதனால் அடையும் நஷ்டம் பெரிது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2014-ல், குழந்தையை நேரடியாகப் பராமரிப்பதில் எவ்வளவு அதிக நேரம் செலவழிக்கிறாரோ அவ்வளவுக்குத் தந்தையின் மூளையில் குழந்தையின் நிலையை உணரும் பகுதிகளிடையே தொடர்பு வலுப்பட்டிருப்பதைக் கண்டார்கள். கர்ப்பம் சுமக்காவிட்டாலும் கைகளால் சுமப்பது ஆணையும் மாற்றுகிறது.

எல்லாவற்றுக்கும் வேண்டியது அவகாசம். ஏலத்தோட்டத்துக்கு அன்றாடக் கூலியாகப் போகும் பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்? பேறுகாலச் சலுகை பற்றிய சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்கிறது. வேலைக்குத் திரும்பிய பின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரையில் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை என்கிறது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமோ ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் என்றது. ஆனால் மாநில எல்லையைக் கடந்து, இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு தோட்டம் என்று ஜீப் போகிற இடத்துக்குப் போகும் பெண்ணின் பெயர் எந்த முதலாளியின் பதிவேட்டிலும் நிலையாக இருப்பதில்லை. தமிழக அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தரும் 18,000 ரூபாய் மதிப்புள்ள பேறுகால உதவி அவளுக்குச் சில வாரங்களை வாங்கிக் கொடுக்கிறது. மீதி வாரங்களை அவளுடைய தாயும் மாமியாரும் கணவனும்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தையைப் பார்க்கும்படி தேசிய நெறிமுறை வகுத்த 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்களில் நர்ஸம்மா ஒருவர் வந்து, எடை பார்த்து, கொப்பூழைப் பார்த்து, தடுப்பூசி அட்டையைப் பார்த்த பிறகு, குழந்தை அமைதியாக விழித்திருக்கும் பட்சத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, “இங்கே பாரும்மா, உன் குரலுக்கு எப்படித் திரும்புகிறான்” என்று காட்டுவாரானால், அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் பார்ப்பதாலும் பழகுவதாலும் தீராதது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிரசவித்த பெண்களில் 11 சதவீதத்தினருக்கு மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு நோய் புதிதாகக் கண்டிருந்தது. வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்குத் துணையின்மை ஆகியவற்றோடு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறந்ததும் அந்நோய்க்கு ஏதுவாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். பெண் சிசுவை அரசின் தொட்டிலில் ஒப்படைத்துவிடலாம் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய திட்டத்தை 2001-ல் தேனி மாவட்டத்துக்கும் விரிவாக்க வேண்டியிருந்த பிரதேசத்தில் இது அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று. பிரசவித்த முதல் வாரத்தில் இரண்டொரு நாள் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் உண்டு, தானே போய்விடும். இரண்டு வாரம் கடந்தும் அழுகை ஓயாமல், குழந்தை விழித்திருந்தாலும் அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல் ஒருத்தி இருப்பாளானால், அவளைப் பாசமற்றவள் என்று பேசாதீர்கள்; அது நோய், சிகிச்சையால் குணமாகிறது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று அவள் சொன்னால், தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம்; நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 104 என்ற எண்ணிலோ, 14416 என்ற எண்ணிலோ பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.